வாங்கும் முன்பே அறுத்த ரம்பம்

1

எங்கள் வீட்டில் ஒரு ரம்பம் வாங்குவது என்று முடிவெடுத்து ஒரு வருடம் நிறைந்ததை என் கணவர் சேகர்தான் எனக்கு நினைவூட்டினார். கல்யாண நாளைக்கூட மகள் வாழ்த்து அனுப்பிய பிறகுதான் தெரிந்துகொள்கிற மனிதர்.

"கலா, போன வருஷம் இதே வாரம்தான் பாக்க ஆரம்பிச்சேன்" என்றார், காப்பியை ஆற்றிக்கொண்டே. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஏதோ விரதம் தொடங்கிய நாளைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒரு வருஷமா பாத்து என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டுக்கு வந்திருக்கேன்."

போன தீபாவளிக்கும் ரெண்டுக்குத்தான் வந்திருந்தார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது என்ன ரம்பம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படச்சட்டத்தின் மூலையைப் பாருங்கள். இரண்டு சட்டங்கள் சாய்வாக வெட்டப்பட்டு, ஒரு மெல்லிய கோட்டில் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். அந்தச் சாய்வைக் கோணம் பிசகாமல் வெட்டித் தருகிற மின்சார இயந்திரத்துக்கு மைட்டர் ஸா என்று பெயர். வட்டமான பல் தகடு, மேலே ஒரு கைப்பிடி, கீழே கோணம் குறித்த மேடை. கைப்பிடியைக் கீழே இறக்கினால் கட்டை இரண்டாகிவிடும். அதிலும் சேகருக்கு ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுவதுதான் வேண்டும். நாங்கள் இருப்பது சுவா சூ காங்கில் பன்னிரண்டாவது மாடி. வீட்டுக்குள் மரத்தூள் பறக்க நான் விடமாட்டேன். வீட்டுக்கு வெளியே மின்சாரம் இழுக்க அரசாங்கம் விடாது. ஆகவே பேட்டரி.

நம் ஊரில் ஓயாமல் பேசிக் கழுத்தறுக்கிறவரை ரம்பம் என்போம். என் மகளுக்கு இந்தக் கிண்டல் புரியாது. விளக்கிச் சொன்னேன். "ஓ, போரிங் மாதிரியா?" என்று அதையும் சப்பென்று ஆக்கிவிட்டாள். ஆனால் நீங்கள் புரிந்துகொள்வீர்கள். எங்கள் வீட்டு ரம்பம் கடையிலிருந்து வருவதற்கு முன்பே ஒரு வருடம் என்னை அறுத்தது.

2

சேகர் ஜூரோங் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் தர ஆய்வாளராக இருந்தார். அடுத்தவர் போட்ட வெல்டிங்கில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. விருதுநகரிலிருந்து கல்யாணமாகி நான் வந்த காலத்திலிருந்து அதே வேலை. ஐம்பத்து நான்கு வயதில் அவருடைய பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மதிய விருந்து, நிறுவனத்தின் பெயர் பொறித்த முதுகுப்பை, கைகுலுக்கல். அந்தப் பையை அவர் இன்றுவரை திறக்கவில்லை. அலமாரியின் மேல் கிடக்கிறது.

வேலை தேடுபவர்களுக்கு வழிகாட்டும் அலுவலகத்துக்குப் போனார். எங்கள் மகள் வயதுப் பெண் ஒருத்தி எதிரில் உட்கார்ந்து, "அங்கிள், உங்க ஸ்ட்ரெங்த் என்ன?" என்று கேட்டாளாம். "தப்பு கண்டுபிடிப்பேன்" என்று இவர் சொன்னார். அவள் அதை ஆங்கிலத்தில் மெருகேற்றி எழுதினாள். பிறகு இணையத்தில் விண்ணப்பம். உள்ளே நுழைய ஒரு கடவுச்சொல், அது சரிதான் என்று சொல்ல கைபேசிக்கு ஓர் எண், எண் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு. விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பதில்களும் 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தொடங்கின. அந்த முதல் வரியோடு கைபேசியைக் கவிழ்த்து வைக்கப் பழகிக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் எங்கள் ஒரே மகள் வித்யா சாப்பிட வந்தாள். அவளும் பிரகாஷும் பதிவுத் திருமணம் முடித்து, பூன் லே பக்கம் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் வீட்டுக்குக் காத்திருந்தார்கள். பிரகாஷ் இங்கேயே மூன்றாவது தலைமுறை. அவனுடைய தமிழ் என் மகளுடையதைவிடக் கொஞ்சம் மோசம்.

"பா, என் புது வீட்டுக்கு டைனிங் டேபிள் நீங்க செஞ்சு தர்றீங்களா?" என்று கேட்டாள்.

மனசார கேட்டாளா, இல்லை அப்பாவுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று கேட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. சேகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் ஒரு முக்காலிகூடச் செய்தறியாதவர்.

"செஞ்சிடலாம். முதல்ல ஒரு நல்ல ரம்பம் வேணும்" என்றார்.

3

நல்லது எது என்பதில்தான் ஒரு வருடம் போயிற்று.

தகடு சிறியதாக இருந்தால் அகலப் பலகை வெட்டாது. பெரியதாக இருந்தால் எடை கூடும். சிலவற்றில் தலைப்பகுதி முன்னும் பின்னும் நகரும், அதற்குச் சுவரிலிருந்து தள்ளி வைக்க இடம் வேண்டும். சிலவற்றில் வெட்டும் இடத்தைக் காட்ட வெளிச்சக் கோடு விழும், ஆனால் அந்தக் கோடு நாளடைவில் விலகும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். நான் பல் தேய்க்கும்போது குளியலறை வாசலில் நின்று இதையெல்லாம் சொல்வார். காணொளிகளில் யாரோ ஒரு வெள்ளைக்காரர், எங்கள் வீடு மூன்று அடங்குகிற கார் கொட்டகையில் நின்றுகொண்டு, 'சிறிய இடத்துக்கு ஏற்றது' என்று ஒன்றைத் தட்டிக் காட்டுவார். சேகர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். தகடு லேசாக ஆடுகிறது என்பார். எனக்கு எதுவும் ஆடுவது தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேல் பேட்டரி. ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் இயந்திரத்தில் ஏறாதாம். இன்றைக்கு ரம்பத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், நாளைக்குத் துளை போடும் இயந்திரமும் தேய்க்கிற இயந்திரமும் அதே வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

"இது சம்பந்தம் பண்ற மாதிரி. யோசிக்காம போக முடியாது" என்றார்.

"உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க ஒரு சாயங்காலம்தான் யோசிச்சீங்க."

"அது அவ முடிவு பண்ணினது."

கடைகளுக்கும் போனோம். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனோம். ஒரு பெரிய கடையில் சேகர் 'மைட்டர்' என்றது அந்தப் பையன் காதில் 'மீட்டர்' என்று விழுந்து, அவன் எங்களை மின்சாரம் அளக்கும் கருவிகள் இருக்கும் பக்கம் கூட்டிப்போனான். அடுத்த கடையில் நான் முந்திக்கொண்டு, பார்க்க வேண்டும் என்று சொல்வதற்காக, "ஐ வாண்ட் டு சீ ஸா" என்றேன். அந்தப் பெண் அன்பாகச் சிரித்து, "சீஸாவா ஆன்ட்டி? டாய்ஸ் எல்லாம் மேல் மாடி" என்றாள். இத்தனை வருடம் இந்த ஊரில் ஆங்கிலம் பேசியும் குழந்தைகள் ஏறி ஆடும் பலகையைக் கேட்டு வந்தவளாக நின்றேன். வித்யாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது.

விருதுநகரிலிருந்து அக்கா அழைத்தாள். "ஏண்டி, மாப்பிள்ளை மர மில்லு வைக்கப் போறாராமே?" என்றாள். இல்லை, ஒரு மேசை செய்யத்தான் என்றேன். "அதுக்கு ஆசாரியைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று கேட்டாள். அவள் வீட்டு அலமாரிக் கதவுக்கு ஆசாரி நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மழைக்காலம் முழுதும் வராமல் இருந்ததை அவளுக்கு நினைவுபடுத்தினேன். ஊரில் எல்லாம் சட்டென்று நடந்தது என்று நான் பொய் சொல்ல விரும்பவில்லை. எங்கள் அப்பா மேசை மின்விசிறி வாங்கிய கதை ஒன்று உண்டு. கடைக்காரர் எடுத்து வைத்ததை ஒரு கேள்வி கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வாரமே அது நின்றது. அம்மா கோடை முழுதும் அதை முறைத்துக்கொண்டே ஓலை விசிறியால் வீசிக்கொண்டாள். யோசிக்காமல் வாங்கிய வீட்டிலிருந்து வந்து, யோசித்துக்கொண்டே வாங்காத வீட்டில் வாழ்க்கைப்பட்டேன்.

4

எங்கே வைத்து வெட்டுவது என்பது தனி வழக்கு.

நடைபாதையில் வைத்தால் வழியை அடைத்தது என்று நகர மன்றத்திலிருந்து அறிவிப்பு ஒட்டுவார்கள். எதிர்வீட்டுச் செடித்தொட்டிக்கே ஒட்டியிருக்கிறார்கள். தரைத்தளத்துத் திறந்தவெளியில் வெட்டலாமா என்று கேட்டு சேகர் மின்னஞ்சல் அனுப்பினார். அது எங்கள் பொறுப்பில் வராது, இன்ன பிரிவைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. இன்ன பிரிவு, புதுப்பிப்பு வேலை என்றால் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் பெயரைக் குறிப்பிடச் சொன்னது. இது புதுப்பிப்பு இல்லை, மேசை என்று இவர் எழுதினார். மேசை எந்தச் சுவரில் பொருத்தப்படுகிறது என்று அவர்கள் கேட்டார்கள். கடைசியில் ஒருவர் தொலைபேசியில், "சார், நீங்க ஏன் ரெடிமேடா வாங்கக் கூடாது?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் வெட்டினால் கீழ்வீட்டில் ஒரு மருத்துவமனைத் தாதி இருக்கிறாள், இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவள். நாங்கள் நாற்காலி இழுத்தாலே மறுநாள் மின்தூக்கியில் என் முகத்தைப் பார்க்காமல் எண்களைப் பார்ப்பாள்.

இதற்குள் வித்யாவின் வீடு தயாராகி, சாவி கைக்கு வந்துவிட்டது. எங்களுக்குச் சாவியின் புகைப்படம் வந்தது. சேகர் அதற்கு நீளமாக, தமிழில், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி ஒரு செய்தி அனுப்பினார். மேசைக்கு எந்த மரம், எத்தனை அகலம், பிரகாஷின் உயரத்துக்குக் கால்கள் எவ்வளவு இருக்க வேண்டும், எல்லாம். அவள் கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பினாள். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதும் படித்தாளா, இல்லை கண்டதும் அனுப்பிவிட்டாளா என்று என்னைக் கேட்டார். தமிழில் நீளமாக எழுதினால் அவள் படிக்கமாட்டாள், ஆங்கிலத்தில் எழுதினால் இவருக்கு மனசு வராது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர்.

அடுத்த நாள் அவள் என்னை அழைத்தாள்.

"மா, டேபிள் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிட்டேன். பிரகாஷ் வீட்ல எல்லாரும் சாப்பிட வர்றாங்க, தரையில உக்கார வைக்க முடியாது. அப்பாக்கிட்ட நீங்க சொல்லிடுங்க, ப்ளீஸ்."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா ஃபீல் பண்ணுவாரு மா. நீங்க சொன்னா திட்டுவாரு, அவ்ளோதான். திட்டினா ஓகே லா."

என்ன கணக்கு பாருங்கள். ஒரு வாரம் நான் சொல்லவில்லை. சமையலறையில் நின்று சொல்லிப் பார்ப்பேன், கூடத்துக்கு வந்தால் அவர் கைபேசியை நீட்டி, "இந்தத் தகட்டுப் பல்லைப் பாரு" என்பார். வாயை மூடிக்கொள்வேன். அவர்மேல் கோபம், அவள்மேல் கோபம், கண்ணால் காணாத அந்த ரம்பத்தின்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். இவர் நேரத்தோடு வாங்கித் தொலைத்திருந்தால் நான் ஏன் இந்தச் சேதியைச் சுமந்துகொண்டு திரிகிறேன்?

அந்த வாரத்தில்தான் அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே ஒரு வருடம் நிறைந்தது என்று சொன்னார்.

5

நான் வேலை செய்வது சிராங்கூன் சாலையில் ஒரு பல் மருத்துவரிடம், முன்மேசையில். அன்று மதிய இடைவேளையில் சாப்பிடவில்லை. பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் தாண்டி, லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெருக்களில் இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் பக்கம் நடந்தேன். இவர் வந்திருக்கிற 'ரெண்டு' எது என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அதில் ஒன்று கண்ணில் பட்டால் வாங்கிவிடுவது. மேசை போனாலும் போகட்டும், என் பல் தேய்க்கும் நேரமாவது எனக்குத் திரும்பி வரட்டும்.

இரண்டாவது கடையிலேயே இருந்தது. மேல் தட்டில், தூசி படிந்த பெட்டியில். கடைக்காரர் ஒரு சீனர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். நான் பெயரையும் எண்ணையும் தப்பில்லாமல் சொன்னதும் அவருக்கு வியப்பு.

"யுவர் ஹஸ்பெண்ட் யூஸ் ஆ, ஆன்ட்டி?"

"மை ஹஸ்பெண்ட் லுக்கிங் ஒன்லி" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டியை இறக்கி வைத்து, "திஸ் ஒன் பேர் யூனிட் ஆ. ஓகே?" என்று கேட்டார்.

'பேர்' என்றால் ஜோடி. இயந்திரமும் பேட்டரியும் ஜோடியாக வருகிறது என்று சொல்கிறார். நல்லதாகப் போயிற்று என்று, "ஓகே, ஓகே, பேர் குட்" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஷூர் ஆ? ஹோம் ஆல்ரெடி ஹேவ்?" என்றார். வீட்டில் ஏற்கெனவே கணவர் இருக்கிறாரே என்ற நினைப்பில் அதற்கும் தலையாட்டினேன்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் காய்கறி வாங்கும் சக்கரப் பையில் பெட்டியை நிறுத்தி, ரயில் மாறி, சுவா சூ காங் வந்து சேர்ந்தேன். ரயிலில் அந்தப் பெட்டிக்கு மூன்று பேர் நிற்கிற இடம் தேவைப்பட்டது. ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள், நான் பெட்டியைவிட்டுப் போக முடியாமல் நின்றே வந்தேன்.

6

சேகர் பெட்டியைப் பார்த்ததும் கையைக்கூட நீட்டவில்லை.

"இது என்ன?"

"நீங்க ஒரு வருஷமா பாத்தது."

மெதுவாக ஒட்டுப்பட்டையைக் கத்தியால் கீறினார். அட்டையை எடுத்தார். இயந்திரத்தைத் தூக்கி உணவு மேசையில் வைத்தார். புதுப் பாத்திரத்தைப்போலப் பளபளவென்று இருந்தது, சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்.

"பேட்டரி எங்கே?"

"ஜோடியா இருக்கும். பேர்னு சொன்னாரே கடைக்காரர்."

பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்தார். "கலா, அது ஜோடி பேர் இல்ல. வெறும் பேர். பி, ஏ, ஆர், இ. வெறும் இயந்திரம் மட்டும். பேட்டரி, சார்ஜர் எதுவும் வராது."

தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிப் பழகிய எனக்கு அந்த வேற்றுமை காதில் விழவே இல்லை. உட்கார்ந்துவிட்டேன். பசி, கால்வலி, இதெல்லாம் போதாதென்று பேட்டரி இல்லாத ரம்பம் சாப்பாட்டு மேசையில்.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்று கத்தினார். "ஒரு வருஷமா ஒருத்தன் பாத்துட்டு இருக்கான். அவனை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"ஒரு வருஷமா கேட்டேன். ஒரு வருஷமா நீங்க பாத்துட்டே இருந்தீங்க. வித்யா பொறுத்துப் பொறுத்துப் பாத்து டேபிளை ஆர்டர் பண்ணிட்டா. தெரியுமா உங்களுக்கு?"

சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் வந்துவிட்டது.

அவர் இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கோபம் வடிந்து முகம் வெறுமையாக இருந்தது.

"தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. டெலிவரிக்கு நம்ம அட்ரஸையும் போன் நம்பரையும் தப்பாப் போட்டுட்டா. நம்ம வீட்டுக்கு கன்ஃபர்ம் பண்ண போன் வந்துச்சு. நான்தான் அவ வீட்டு அட்ரஸைக் கொடுத்தேன். அவக்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லலை."

நான் ஒரு வாரம் வாயில் வைத்திருந்ததை அவரும் ஒரு வாரம் வாயில் வைத்திருந்தார்.

"அப்புறம் எதுக்கு இன்னும் பாத்துட்டு இருந்தீங்க? டேபிளே இல்லையே?"

நாற்காலியை இழுத்தார். கீழ்வீட்டுத் தாதியின் நினைவு வந்து, மீதித் தூரம் அதைத் தூக்கி வைத்து உட்கார்ந்தார்.

"வேலை தேடுறியான்னு எல்லாரும் கேக்கிறாங்க. தேடுறேன்னா, கிடைச்சுதான்னு கேக்கிறாங்க. ரம்பம் பாக்கிறேன்னா யாரும் அதுக்கு மேல கேக்க மாட்டேங்கிறாங்க. நல்லா பாருங்கங்கிறாங்க. காலையில எந்திரிச்சா எனக்குப் பாக்கிறதுக்கு ஒண்ணு இருந்துச்சு." இயந்திரத்தின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். "வாங்கிட்டா வெட்டணும். நான் எதையும் செஞ்சவன் இல்ல, கலா. இத்தனை வருஷம் அடுத்தவன் செஞ்சதுல தப்பு பாத்தவன். நான் செஞ்சதை நானே பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்ல, எவ்ளோ மோசம்னு."

தைரியம் சொல்கிற பேச்சு எனக்கு எப்போதுமே வராது. எழுந்துபோய் தோசை ஊற்றினேன். இயந்திரம் மேசையில் இருந்ததால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

"மோசமா செஞ்சா என்ன?" என்றேன் இரண்டாவது தோசையின்போது. "என்னோட முதல் சாம்பாரை நீங்க சாப்பிடலையா?"

"அது ரொம்ப மோசம்" என்றார். யோசிக்காமல், ஒரு வருடத்தில் முதல் தடவையாக.

7

ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போய் பேட்டரியும் சார்ஜரும் வாங்கினோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி, ஐ டெல் யூ பேர்" என்று இரண்டு கையையும் விரித்தார். சேகர் இன்னொரு தகடு வேண்டும், பல் நெருக்கமானது, என்று ஆரம்பித்தார். நான் கடை வாசலில் போய் நின்றுகொண்டேன். ஆனால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், ஆச்சரியம்.

வித்யாவின் வீட்டுக்கு மேசை வந்து இறங்கிய அன்று எங்களையும் கூப்பிட்டாள். வீட்டில் இன்னும் மின்சாரம் வரவில்லை. கணக்குத் திறக்க விண்ணப்பித்ததில் பெயரின் எழுத்து ஒன்று அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லையாம், திரும்ப முதலிலிருந்து. மேசை பெரியது, கறுப்புக் கால்கள், பார்க்க நன்றாகவே இருந்தது. சேகர் அதைச் சுற்றி ஒருமுறை வந்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். ஒரு குறையும் சொல்லவில்லை. வித்யா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எல்லோரும் கிளம்பும்போது, வாசலில் வித்யா ஒற்றைக் காலில் நின்று, சுவரில் கையை ஊன்றி, செருப்பு வாரை மாட்டப் போராடினாள். புது வெள்ளைச் சுவரில் ஐந்து விரலும் பதிந்தது. "ஐயோ!" என்றாள். சேகர் அந்தக் கையையும் வாசலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடத்தையும் பார்த்தார்.

"இங்க உக்கார ஒரு பெஞ்சு போட்டா?" என்றார்.

"பா, நோ நீட் லா. பரவாயில்ல."

"சின்னதா. வழியை அடைக்காது."

அவள் என்ன நினைத்தாளோ, கைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்தாள். "பகல்ல நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம். நீங்க வந்து போங்க."

அந்த அடுக்குமாடி முழுதும் புதுவீட்டுக்காரர்கள். பகல் முழுதும் எல்லா மாடியிலும் துளையிடுகிறார்கள், உடைக்கிறார்கள், இழைக்கிறார்கள். ஒரு ரம்பச் சத்தத்தை யாரும் கேட்கமாட்டார்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் பேட்டரி இயந்திரம். பகலில் வேலைக்குப் போகாத ஒரே ஆள் சேகர். ஒரு வருடமாக எங்கும் பொருந்தாமல் இருந்தவை எல்லாம் அங்கே பொருந்தின.

முதல் கட்டையை வெட்டும்போது நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போயிருந்தேன், விரல் போனால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, கீழே பழைய போர்வை. அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாம் தடவை அளக்கப்போனபோது நான் பேப்பரை மடித்துவைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். கைப்பிடியை இறக்கினார். வீட்டை அதிரவைத்த ஒரு கிறீச்சல், மரத்தூள், பிறகு அமைதி. கட்டை சரியாக இரண்டாகியிருந்தது. சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

"கோணம் சரி" என்றார் கட்டையைத் தூக்கிப் பார்த்து. "பக்கம்தான் மாறிடுச்சு."

அந்தக் கட்டை வீண். அடுத்ததும் குட்டையாகப் போயிற்று. அதற்குப் பிறகு நான் போகவில்லை, பார்த்துக்கொண்டு உட்காரும் பொறுமை எனக்கு இல்லை. அவர் காலையில் மதியச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்புவார், சாயங்காலம் தலைமுடியில் மரத்தூளோடு வருவார். கூடத்தில் நடக்கக் கூடாது என்று சத்தம் போடுவேன். கேட்டால்தானே. வேலை இன்னும் கிடைக்கவில்லை. அந்த மாதத்தில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனார். இல்லை என்று வந்த பதிலைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, "இவன் பரவாயில்ல, காரணம் எழுதியிருக்கான்" என்றார்.

பெஞ்சு முடிந்துவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை என்னை மட்டும் கூட்டிப்போய்க் காட்டினார். வித்யாவிடம் சொல்லவில்லை. வாசலுக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி. நான்கு மூலைகளில் மூன்று நன்றாகச் சேர்ந்திருந்தன. நான்காவதில் ஒரு விரல் நகம் போகும் இடைவெளி. அதைத்தான் எனக்கு முதலில் காட்டினார். பிறகு குனிந்து, கால்களின் கீழ் காகிதத்தை மடித்துச் செருகி, எடுத்து, செருகி, எடுத்தார்.

கதவு திறந்தது. வித்யா ஒரு காதில் கைபேசியும் ஒரு கையில் சந்தைப் பையுமாக உள்ளே வந்தாள். அலுவலகத்தில் யாரோடோ ஆங்கிலத்தில் ஏதோ சண்டை. எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். பையை இறக்கினாள், பேச்சை நிறுத்தாமலே பெஞ்சில் உட்கார்ந்தாள். வலது செருப்பின் வாரை அவிழ்த்தாள். இடதை அவிழ்த்தாள். சுவரில் சாய்ந்து, கால்விரல்களை விரித்துச் சுருக்கிக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டாள். தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவள் பார்க்கவே இல்லை.

எனக்கு எரிச்சல் பொங்கியது. ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லேன் என்று கூப்பிட வாயெடுத்தேன். சேகர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண் பெஞ்சின் கால்கள்மேல் இருந்தது. அவள் எழுந்தாள், சமையலறைப் பக்கம் பேசிக்கொண்டே போனாள்.

"ஆடலை" என்றார் என் காதருகில். "பாத்தியா? உக்காரும்போதும் ஆடலை, எந்திரிக்கும்போதும் ஆடலை."